‘வில்லிங்’ சொல்லாத அக்கா

மட்டக்களப்பில் ஒரு நேர்முகத் தேர்வுக்குக் காத்திருந்தபோது அந்த அக்காவைக் கண்டேன். உன்னிச்சையிலிருந்து வந்திருந்தார். மெலிந்த உருவம், வெயிலில் கறுத்த முகம். புதிய சொல்லைக் கேட்டால் உடனே பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க ஆசை.

“தூர ஊரில தங்கி வேல செய்வியளா எண்டு இங்கிலீசில கேப்பாங்க அக்கா. ‘வில்லிங்’ எண்டு சொன்னாக் காணும்.”

“அம்மா படுக்கையில தம்பி. எனக்கு ராவில தங்க ஏலா. மனமில்லாட்டி என்ன சொல்லுற?”

“‘ரிலக்டன்ட்’. ஆனா அதச் சொன்னா வேல கிடைக்காது.”

“பொய் சொல்லி எடுத்துப்போட்டு, பிறகு அங்க எப்பிடி நிக்கிற?” சிரித்துக்கொண்டே எழுதினார்.

உள்ளே போய் அதையே சொல்லிவிட்டு வந்தார். “நல்ல சொல்லுதான் தம்பி, அவங்களுக்கு உடன விளங்கிற்று,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் ‘வில்லிங்’ என்றேன். இருந்த ஒரேயொரு வேலை எனக்குக் கிடைத்தது, தூரத்தில், வாகரைப் பக்கம். மூன்றாம் மாதமே அங்கே தங்க மனமில்லாமல் இடமாற்றம் கேட்டு ஆங்கிலத்தில் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்த அந்தச் சொல்தான் பொருந்தியது. அதை எழுத எனக்குக் கை கூசியது.