பேப்பரில் வந்த வாசல்

என் பீரோவில் சேலைகளுக்கு அடியில் விரித்திருக்கும் செய்தித்தாளை நான் மாற்றுவதே இல்லை. அதில் ஒரு வாசலின் படம் இருக்கிறது. நிலையில் வேப்பிலைக் கொத்து, மூடிய கதவு, மேலே பெரிய எழுத்தில் "வடமாநிலத்தவர் வீட்டில் காய்ச்சலா? பொதுமக்கள் பீதி". அந்தப் பொதுமக்களில் நானும் ஒருத்தி, அதுவும் பக்கத்து வீட்டுக்காரி. என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த வேப்பிலையைக் கட்டியதே நான்தான். கொரோனா வந்த கோடையில் கோவில்பட்டியில் எங்கள் தெரு முழுக்க வேப்பிலை கட்டி மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். அம்மை போட்ட வீட்டுக்குத்தான் வேப்பிலை கட்டுவது வழக்கம். இந்தத் தடவை நோய் வராமலிருக்க முந்திக்கொண்டோம். பக்கத்து வீட்டு ஒடிசாக்காரத் தங்கச்சி கைக்குழந்தையோடு படியில் நின்று வேடிக்கை பார்த்தாள். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் வேலை. தமிழையும் அங்கேதான் பழகியிருந்தாள். "அக்கா, நம்ம வீட்டுக்கும்?" என்றாள். விட்டுவிட முடியுமா? என் வீட்டுக்குக் கட்டியதைவிடப் பெரிய கொத்தாகவே கட்டிவிட்டேன்.

படம் பிடிக்க வந்தவர் எல்லா வாசலையும் பார்த்துக்கொண்டுதான் போனார். பேப்பரில் வந்தது அவள் வாசல் மட்டும். அன்றைக்கே பால்காரர் அவள் வீட்டைத் தாண்டிப் போனார். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. பசித்து அழுதாலும் நோய் என்றார்கள். எனக்கு வாங்கிய பாலைக் கொடுத்தேன். சாயங்காலம் வீட்டுக்கார அண்ணாச்சி வந்து, தெருவிலேயே நின்றபடி வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். பஸ் இல்லை, ரயில் இல்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள்? நான் படியிறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணாச்சி, எங்க வாசல்லயுந்தான் வேப்பிலை தொங்குது. என்னையும் போகச் சொல்லுதீயளா?"

"உங்க வாசல் பேப்பர்ல வரலையேம்மா" என்றார். கெட்டவர் இல்லை, பயந்துபோன மனுஷன். ஆனாலும் அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல.

மறுநாள் காலையில் வடக்கே போகும் லாரி ஒன்றில் ஏறினார்கள். குழந்தையை முந்தானையால் பொத்திக்கொண்டு, "போய்ச் சேந்து போன் பண்ணுதேன் அக்கா" என்றாள். எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது அவளுக்கு. போன் வரவில்லை. தெரியாத நம்பர் அடித்தால் இன்றைக்கும் ஈரக் கையோடு ஓடிப்போய் எடுக்கிறேன். லோன் வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள்.

சில மாதம் கழித்துத் தீப்பெட்டி ஆபீஸ்கள் மும்முரமானபோது அதே பேப்பரில், "வடமாநிலத் தொழிலாளர் இல்லாமல் தொழில் முடங்குகிறது, எப்போது திரும்புவார்கள்?" என்று போட்டிருந்தார்கள். கூடவே அதே வாசல் படம். விரட்டவும் அந்தப் படம், கூப்பிடவும் அந்தப் படம். நல்ல சிக்கனம்.

இப்போதும் புதுக் காய்ச்சல் என்று பேச்சு அடிபட்டால் எனக்குப் பயம் பிடித்துக்கொள்கிறது. பேப்பரில் முதலில் படத்தைத்தான் தேடுகிறேன், இந்தத் தடவை யார் வாசலோ என்று. பிறகு பீரோவைத் திறக்கிறேன். பழைய படத்தின் ஓரத்தில் ஒரு கோலம் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது. அது என் வாசல் கோலம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தால் என் வேப்பிலையும் அதில் விழுந்திருக்கும். அவள் பக்கத்து வீட்டிலேயே இருந்திருப்பாள்.