தோற்றவன் பெட்டி

எங்கள் ஊரில் பஸ் திரும்பும் இடத்து டீக்கடையில் ஒரு பச்சை நிறச் சோடாப் பெட்டி கிடக்கிறது. ஒரு மூலை உடைந்தது. கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் கட்டம் கட்டமாக அச்சு விழும். லுங்கியிலும் விழும், உள்ளேயும் விழும். மற்றவர்களுக்கெல்லாம் பெஞ்சு உண்டு. இந்தப் பெட்டி தோற்றவனுக்கு மட்டும். சாயங்காலம் கேரம் ஆட்டத்தில் கடைசியாகத் தோற்றவன் அதில் உட்கார்ந்து அன்றைய பேப்பரை எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். இருபது வயதிலிருந்து இருபத்து நாலு வயது வரை என் சாயங்காலங்களில் பாதியை நான் அந்தப் பெட்டியின் மேல்தான் கழித்தேன். கேரம் எனக்கு அவ்வளவு நன்றாக வரும்.

பத்தாவதைப் பாதியில் விட்டவன் நான். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னால் வயிறு வலிக்கும். ஆனால் கடையில் வாசிப்பது வேறு. அங்கே வாசிக்கிறவனுக்கு ஒரு உரிமை இருந்தது. செய்திகளுக்கு நடுவில் ஒரே ஒரு பொய்யைச் செருகலாம். கேட்கிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் வாசித்தவனுக்கு ஒரு பருப்பு வடை. கண்டுபிடித்தாலும் இல்லாவிட்டாலும், பெட்டியை விட்டு எழுந்திருக்கும் முன் எது பொய் என்று சொல்லிவிட வேண்டும். யார் இந்தச் சட்டத்தைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. போன் எல்லோர் கைக்கும் வந்த பிறகும் இது நிற்கவில்லை. போனில் வரும் பொய்க்கு ஆளுக்கு ஆள் தனியாகத்தான் ஏமாற முடியும். இங்கே பத்துப் பேர் சேர்ந்து ஏமாறலாம்.

நான் தின்ற வடைகளுக்குக் கணக்கில்லை. நேரம் போவது தெரியாமல் பொய்களைத் தயாரிப்பேன். லோடு வண்டி ஓட்டும்போதே யோசித்து வைத்துக்கொள்வேன். அதிகம் மாட்டியவர் ரிட்டையர்டு வாத்தியார். என்னை ஒன்பதாவதில் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்தியவர். பெஞ்சின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டுதான் செய்தி கேட்பார். பகலில் உட்கார்ந்தபடியே தூங்குவதில் மாநிலத்தில் முதலிடம் பெற்ற மன்னார்குடி வட்டார ஆசிரியருக்குப் பாராட்டு விழா என்று ஒருநாள் வாசித்தேன். கடையே குலுங்கியது. அவர் கண்ணைத் திறக்காமலே, "பெஞ்சு மேல ஏறி நின்னுக்கிட்டே தூங்கினவன் ஒருத்தன் இருந்தான், அவனுக்கு ரெண்டாவது பரிசான்னு பாரு," என்றார். டீ மாஸ்டர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே சிந்திவிட்டார்.

என் மச்சான் அந்தக் கடைக்குப் புதிது. அக்காவைக் கட்டியவர். சிறு வயதில் இரண்டாவது படிக்கும்போதே வாத்து மேய்க்கப் போய்விட்டார். அப்புறம் நடவு, களை, அறுப்பு, மூட்டை தூக்குவது என்று இருபது வருஷம் ஊரார் வயலில்தான் வேலை. எழுத்து தெரியாது. பஸ்ஸில் ஏறும்போது போர்டைப் பார்க்க மாட்டார், கண்டக்டர் முகத்தைப் பார்ப்பார். அந்த வருஷம்தான் முதல் முறையாக மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், குத்தகைக்குப் பிடித்தார். பிடித்த நாளிலிருந்து ஆளே மாறிவிட்டார். சாயங்காலம் குளித்துத் தலை சீவிக் கடைக்கு வந்து, விவசாயி மாதிரி பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார். நான் சும்மா விடுவேனா? "மிராசுதார் வராரு, இடம் விடுங்க," என்பேன். அவர் சிரித்துக்கொண்டே, "மாப்ள, உன் வாய்க்கு ஒரு மதகு போடணும்," என்பார்.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் கம்மி. ஒவ்வொரு ஆற்றுக்கும் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள் என்று பேச்சு. கல்லணையிலிருந்து வெண்ணாற்றில் விட்டால்தான் எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர். எப்போது என்று யாருக்கும் தெரியாது. போர்வெல் போட்டவர்கள் நாற்றுவிட ஆரம்பித்துவிட்டார்கள். மச்சானுக்கு வாய்க்கால்தான் கதி. நாற்றங்காலைப் புழுதியாக உழுது, வரப்பு வெட்டி, தண்ணீர் நுழையும் வாய்மடையைச் சுத்தம் செய்து வைத்துவிட்டுத் தினமும் போய்க் காய்ந்த வாய்க்காலைப் பார்த்துவிட்டு வருவார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு மூட்டை விதை. அது பொய்த்தால் குறுவையும் இல்லை, அடுத்த வருஷம் அந்த நிலமும் இல்லை.

அன்றைக்கும் நான்தான் தோற்றேன். பேப்பரில், வெண்ணாற்றுக்குத் தண்ணீர் திறப்பது பற்றிப் பின்னர் அறிவிக்கப்படும் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் நாக்கு துறுதுறுத்தது. குரலை இறக்கி, செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிதானமாக வாசித்தேன்: கல்லணையிலிருந்து வெண்ணாற்றில் நாளை காலை ஆறு மணிக்குத் தண்ணீர் திறக்கப்படுகிறது. வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். தங்கம் விலை, ஒரு விபத்து, ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தில் திருட்டு. முடித்ததும் காலையிலேயே பேப்பரைப் படித்திருந்த டீ மாஸ்டர், வெண்ணாறுதான் பொய் என்று பிடித்துவிட்டார். வடை போச்சு. எழுந்திருக்கும் முன் சட்டப்படி ஒத்துக்கொண்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் இருந்த இடத்தில் கிளாஸ் மட்டும் இருந்தது, பாதி டீயோடு. அவர் பாதி டீயில் எழுந்து போகிற ஆள் இல்லை. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஒதுங்கப் போயிருப்பார் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் வண்டியோடு வேளாங்கண்ணிப் பக்கம் போய்விட்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா போன் செய்தாள். வாய்க்காலில் இன்னும் தண்ணீர் வரவில்லையே, பேப்பரில் வேறு ஏதாவது போட்டிருக்கிறதா என்று உன் மச்சான் கேட்கச் சொன்னார் என்றாள். வண்டியைத் திருப்பி நேராக அவர்கள் வீட்டுக்கு விட்டேன்.

வாசல் ஓரத்தில் சாக்கு மூட்டை, மேலே வைக்கோல், அதன் மேல் அம்மிக்கல். கையை உள்ளே விட்டேன். ஜுரக்காரன் நெற்றி மாதிரி சுட்டது. ஒரு பிடி எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு நெல்லுக்கும் வெள்ளையாக மூக்கு வந்திருந்தது. கடையிலிருந்து போன அன்றைக்கே ஊறப்போட்டிருக்கிறார். முளைத்த விதையைத் திரும்பக் காயவைக்க முடியாது. அடுத்த நாளுக்குள் சேற்றில் போட வேண்டும். இல்லாவிட்டால் வேரும் வேரும் பின்னிக்கொண்டு மாட்டுக்குத்தான் ஆகும்.

மச்சான் இரண்டு நாளாகக் கடைப் பக்கமே போகாமல் மதகில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எந்த நேரமும் வரும் என்று மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. நான் நின்றபடியே சொன்னேன், அந்தச் செய்தி பொய், நான்தான் செருகினேன் என்று. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"போ மாப்ள. நீ இப்பதான் பொய் சொல்றே."

சத்தியம் செய்தேன். அதற்கும் சிரித்தார். எத்தனை முறை சத்தியம் செய்து ஏமாற்றியிருக்கிறேன்! வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் உண்மையைச் சொல்கிறேன், வாங்க ஆளில்லை. கடைக்கு ஓடி, பழைய பேப்பர் கட்டுக்குள் அன்றைய பேப்பரைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். அவருக்கு அது கறுப்புக் கோடுகள்தான். அக்காவைக் கூப்பிட்டார். அவள் அந்த இடத்தை ஒருமுறை மனதுக்குள் வாசித்தாள். பிறகு இன்னொரு முறை.

"அவன் இப்ப பொய் சொல்லலீங்க," என்றாள்.

மச்சான் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்வெட்டியைக் கீழே வைத்தார். காய்ந்த வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன்ன நான் எங்க நம்புனேன் மாப்ள. பேப்பரத்தான் நம்புனேன்."

அந்த வரப்பில் அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. ஊரில் அந்த நேரத்தில் சேறடித்துத் தயாராக நாற்றங்கால் வைத்திருந்தவர் ஒருவர்தான். நான் பாராட்டு விழா நடத்திய வாத்தியார். கடைக்குப் போனேன். சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். சார், உங்கள் நாற்றங்காலில் எட்டு சென்ட் இடம் வேண்டும் என்றேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, இது இன்றைய பொய்யா நேற்றையதா என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டீ மாஸ்டர், இவனுக்கு வடை கிடையாது என்றார்.

கேரம் போர்டை அன்று இன்னும் எடுக்கவே இல்லை. நான் போய்ப் பச்சைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன், கையில் பேப்பர் இல்லாமல். சிரிப்பு நின்றது. ஆட்டம் இல்லாமல் அந்தப் பெட்டியில் யாரும் உட்கார்ந்ததில்லை. நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பாதி டீ, மூட்டை, மதகு, அக்கா வாசித்தது, எல்லாம். சொல்லி முடித்தேன்.

"இதுல பொய் எதுவும் இல்ல," என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

வாத்தியார் இரண்டு கண்ணையும் திறந்தார். எனக்குத் தெரிந்து கடையில் அது முதல் தடவை. தோளில் கிடந்த துண்டை உதறினார். "எட்டு சென்ட் பத்தாதுடா. பத்து வச்சுக்க. காலையில மூட்டைய ஏத்திக்கிட்டு வா," என்றார்.

காலையில் மோட்டாருக்குக் கரண்ட் வந்தபோது வயலில் நாங்கள் ஏழு பேர். அத்தனையும் கேரம் செட்டு. டீ மாஸ்டர் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார். கடை ஒரு பொழுது அடைத்திருந்ததைப் பார்த்து யார் செத்தார்கள் என்று பஸ்ஸில் இருந்தவர்கள் கேட்டார்களாம். சேற்றை மறுபடி மிதித்துச் சமன் செய்தோம். மச்சான் யாரிடமும் பேசவில்லை. மூட்டையை அவிழ்த்து, பின்னிக்கொள்ள ஆரம்பித்திருந்த முளைகளை விரலால் மெதுவாகப் பிரித்து, கையை வீசி வீசி விதைத்தார். கடைசிப் பிடி வரும்போது என்னைக் கூப்பிட்டு அதை என் கையில் கொடுத்தார். எனக்கு விதைக்கத் தெரியாது. ஒரே இடத்தில் கொட்டிவிட்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். "இதையாச்சும் ஒழுங்கா செருகக்கூடாதா," என்றார்.

மூன்று வாரம் கழித்து வெண்ணாற்றில் உண்மையாகவே தண்ணீர் விட்டார்கள். வாய்க்காலை நம்பியிருந்தவர்கள் அப்போதுதான் விதையை ஊறப்போட ஓடினார்கள். மச்சானிடம் ஒரு சாண் நாற்று நின்றது. அந்த வாய்க்கால் பாசனத்தில் முதல் நடவு அவருடையதுதான். அதற்கு நான்தான் காரணம் என்று கடையில் சொல்லிப் பார்த்தேன். அக்கா காதுக்கு எட்டிவிட்டது. அதன் பலன் முதுகில் ஒரு வாரம் இருந்தது.

அந்த நாளுக்குப் பிறகு பெட்டிக்கு ஒரு சட்டம் கூடியது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் தண்ணீர்ச் செய்தியில் யாரும் பொய் செருகுவதில்லை. வேறு ஒன்றும் நடந்தது. எனக்கு அது வெகு நாள் தெரியாது. மச்சான் வீட்டில் மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு உட்கார ஆரம்பித்திருந்தார். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என் கூட நின்றவர், கண்டக்டர் முகத்தைப் பார்க்காமல் தலையைத் தூக்கிப் போர்டைப் பார்த்து, சுவாமிமலை என்று எழுத்துக் கூட்டிச் சொன்னபோதுதான் தெரிந்தது. நாங்கள் போக வேண்டியது சுவாமிமலைக்கு இல்லை. இருந்தும் அதில் ஏறிவிடலாம் போல இருந்தது எனக்கு.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. இப்போது எனக்கும் வயல் இருக்கிறது, மச்சானுடையதை ஒட்டி இரண்டு மா, இந்த வருஷம்தான் பிடித்தேன். போன வாரம் கேரமில் தோற்றது மச்சான். பச்சைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வரிக்குக் கீழே விரலை வைத்து, வண்டி மேடேறுகிற மாதிரித்தான் வாசிப்பார். யாரும் அவசரப்படுத்துவதில்லை. வாத்தியார் கண்ணை மூடியிருந்தார். "கல்லணையிலிருந்து... வெண்ணாற்றில்... நாளை காலை..." என்றதும் நான் குறுக்கே விழுந்தேன்.

"மச்சான், தண்ணி விஷயத்துல விளையாட்டு வேணாம்."

அவர் வரியிலிருந்து விரலை எடுக்காமல் பேப்பரை என் பக்கம் திருப்பினார். அப்படியேதான் அச்சாகியிருந்தது. நாளை காலை ஆறு மணி.

"விதை ஊறுதா மாப்ள?" என்று கேட்டார்.

நான் எழுந்து ஓடினேன். பின்னால் கடை முழுக்கச் சிரிப்பு. என் கிளாஸில் பாதி டீ அப்படியே இருந்தது.