பிள்ளையார் தலையில் கட்டிய தெரிவு

பெரிய தேர்தல்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்காத காலம் அது. கொழும்பில் யார் ஆள வேண்டும் என்று, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே காட்டோரக் குளமொன்றை நம்பி வயல் செய்த எங்களிடம் எவரும் வந்து கேட்டதில்லை. எங்களிடம் கேட்கப்பட்ட ஒரே கேள்வி, எங்கள் குளத்துக் கமக்காரர் அமைப்புக்கு யார் தலைவர் என்பதுதான். அந்த ஒரு கேள்விக்கும் நாங்கள் பதில் சொல்லவில்லை. நினைக்க இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. முதலில் என்மேல்தான் எரிகிறது.

அந்த வருடம் மழை குறைவு. குளம் அரைவாசிதான் நிரம்பியது. கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைத்து, குளத்து மதகான துருசைத் திறப்பிப்பவர் தலைவர். சண்டைக்காலத் தடையால் மண்ணெண்ணெயைப் போத்தல் போத்தலாகத் தேடி அலைந்த நாட்களில் மெசின் வைத்து இறைக்கிற நினைப்பே எவருக்கும் இல்லை. என்னுடைய இரண்டு ஏக்கர் வாய்க்காலின் கடைசியில் கிடந்தது. முறை நேர்மையாக நடந்தால் எனக்கு நெல் வரும். நடக்காவிட்டால் வைக்கோல்கூட மிஞ்சாது.

தலைவர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் என் மனைவியின் தமையன், எனக்கு மச்சான். அவருடைய வயல் துருசுக்குப் பக்கத்தில். நல்ல கதைகாரர், கோயில் திருவிழாவுக்கு முன்னுக்கு நிற்பவர், ஆனால் வாய்க்கால் வரம்பில் அவர் கால் பட்டதை நான் கண்டதில்லை. மற்றவர் என் பக்கத்து வயல்காரர். மலையகத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு, வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். எங்கே வாய்க்கால் உடையும், எங்கே நண்டுப் பொந்து என்று அவருக்குத்தான் தெரியும். விடிந்தால் மண்வெட்டியோடு அங்கேதான் நிற்பார். யார் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்களில் அநேகம் பேருக்கும் இருக்கவில்லை.

கூட்டத்துக்குப் புறப்படும்போது மனைவி வாசலில் நின்று சொன்னா:

"அண்ணைக்கு எதிராக் கை தூக்கிப்போட்டு இந்த வீட்டுப் படி ஏறாதேங்கோ."

பிள்ளையார் கோயில் தகரக் கொட்டகையில் கூட்டம். நாற்பத்தொரு கமக்காரர். கமநல உத்தியோகத்தர் சைக்கிளில் வந்திருந்தார். இரண்டு பெயரையும் சொல்லி, "விருப்பமானவைக்குக் கையை உயர்த்துங்கோ" என்றார். ஒரு கையும் எழும்பவில்லை. முன்னுக்கு இருந்த நாங்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சொந்தக்காரர், பாதிப் பேர் மச்சானுக்கு ஏதோ ஒரு உறவுமுறை. மலையகத்துச் சனம் ஏழெட்டுப் பேர் பின்னுக்கு இருந்தார்கள். நாங்கள் தூக்காமல் தாங்கள் தூக்க அவர்களுக்கும் கூச்சம்.

"என்ன, எல்லாருக்கும் தோள்மூட்டிலை வருத்தமோ?" என்றார் உத்தியோகத்தர். சிலர் சிரித்தார்கள். கை எழும்பவில்லை.

அப்போது வாயைத் திறந்தவன் நான். "ஏன் எங்களுக்குள்ளை மனஸ்தாபம்? பிள்ளையாரிட்டையே கேப்பம். பூக்கட்டிப் பாப்பம்."

கொட்டகை முழுக்க மூச்சு விட்டது. "அதுதான் சரி! அதுதான் நியாயம்!" என்று எல்லாப் பக்கமும் சத்தம். கலியாணப் பொருத்தத்துக்கும் கிணறு வெட்டும் இடத்துக்கும் நாங்கள் அப்படித்தான் பார்ப்போம். சிவப்புச் செவ்வரத்தம்பூ மச்சானுக்கு, வெள்ளை நந்தியாவட்டை மற்றவருக்கு. பூசகர் இரண்டையும் தனித்தனி வாழையிலைத் துண்டில் மடித்து நூல் சுற்றி, சுவாமியின் காலடியில் வைத்துக் கற்பூரம் காட்டினார். நீங்களே எடுங்கோ என்று என்னையே கூப்பிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். சிவப்பு.

உத்தியோகத்தர் கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் "ஏகமனதாகத் தெரிவு" என்று எழுதினார். நான் சந்தோசமாக வீட்டுக்குப் போனேன். கடவுளையும் குறை சொல்ல முடியாது, மனைவியையும் பகைக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

விதைத்து இரண்டு மாதம் ஒருவாறு போனது. பிறகு வெயில் ஏறியது. மச்சானின் வயலில் தண்ணீர் வரம்பு தட்டி நின்றது. அவரோடு கதைபேச்சு உள்ளவர்களின் வயலிலும் நின்றது. எங்கள் கடைசியில் வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்தது. பயிர் கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவம், இனித் தண்ணீர் தப்பினால் கதிர் பாலே பிடிக்காது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன். அவர் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், எங்கடை முறை ரெண்டு தரம் தவறிப்போச்சு."

"குளத்திலை இருந்தாலெல்லோ விடுறது?"

"உங்கடை வயலுக்கு மட்டும் இருக்கோ?"

அவர் கோபிக்கவே இல்லை. சிரித்தார். "என்னைத் தலைவரா ஆர் வைச்சது? நீரா வைச்சனீர்? பிள்ளையார் வைச்சவர். நீர்தானே பூவை எடுத்தனீர்? போய் அவரிட்டைக் கேளும்."

சைக்கிளைத் திருப்பினேன். நான் அவருக்கு என் வாக்கைக் கொடுக்கவில்லையே, எதைத் திருப்பிக் கேட்பது?

வரும் வழியில் பக்கத்து வயல்காரர் வெறும் வாய்க்காலைப் புல் செருக்கித் துப்புரவாக்கிக்கொண்டு நின்றார். அவருடைய பயிரும் என்னுடையதைப்போல மஞ்சள்தான். நான் நடந்ததைச் சொன்னேன். மண்வெட்டியில் சாய்ந்து நின்று கேட்டார்:

"சாமிய ஏண்ணே இதுக்குள்ள இழுத்தீங்க? அவருக்கென்ன இங்க வயலா இருக்கு?"

செருக்கிய புல்லை ஒதுக்கிவிட்டு அவரே தொடர்ந்தார்:

"கையத் தூக்கி, 'இவன் வேணாம்'னு சொல்லியிருந்தாக்கூட நான் கோவிச்சிருக்க மாட்டேன். என்னைய ஒரு ஆளா எண்ணியிருக்கீங்கன்னு நெனைச்சிருப்பேன்."

அந்தப் போகம் என் இரண்டு ஏக்கரும் பதர். சுளகில் போட்டுக் கொழிக்க எல்லாம் காற்றோடு போனது. மனைவி சுளகைக் கீழே வைத்தா. "பூ எடுத்த கையாலை இதையும் அள்ளிக் கொட்டுங்கோ" என்றா. பிறகு தன் தமையன் வீட்டுப் பக்கம் பார்த்து, "அவனும் ஒரு அண்ணன்" என்று மெல்லச் சொல்லி அழுதா.

அன்று மாலை கோயிலுக்குப் போய் விழுந்து கும்பிட்டேன். பிள்ளையார் எனக்குப் பிழை செய்யவில்லை. கண்ணும் புத்தியும் கையும் தந்தவர் அவர். அவர் தந்ததைப் பாவிக்காமல் அவர் காலடியிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அதற்குப் பக்தி என்று பெயர் வைத்தவன் நான்.

அடுத்த வருடக் கூட்டத்துக்கு அதே இரண்டு பேர். உத்தியோகத்தர் வாய் திறக்க முதலே ஒருவர் செவ்வரத்தம்பூவும் நந்தியாவட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு நின்றார். எழும்பினேன்.

"பூ வேண்டாம். கையை உயர்த்துவம்."

"போன முறை பூக் கேட்டவர் நீர்தானே? இப்ப சாமியிலை நம்பிக்கை விட்டுப்போச்சோ?" என்று ஒருவர் நக்கலடித்தார்.

"சாமியிலை நம்பிக்கை இருக்கு. எங்களிலைதான் இல்லை" என்றேன்.

உத்தியோகத்தர் பக்கத்து வயல்காரரின் பெயரைச் சொன்னார். மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கனத்தது, உண்மையாகவே கனத்தது. தூக்கினேன். திரும்பிப் பார்த்தால், பின்னுக்கு இருந்தவர்களின் கைகளும் ஒவ்வொன்றாக எழும்பின. என்னோடு ஒன்பது. மச்சானுக்குப் பன்னிரண்டு, அவரே திரும்பவும் தலைவர். மிச்ச இருபது பேரும் தங்கள் கால்விரலை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்து வரும்போது அந்த இருபதில் ஒருவர் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். "அண்ணை, நானும் மனசுக்குள்ளை உங்கடை ஆளுக்குத்தான் போட்டனான்."

"மனசுக்குள்ளை போட்டதை எந்தப் புத்தகத்திலை எழுதுறது?" என்று கத்தினேன். கோயில் வாசலில் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதுதான்.

மச்சான் அதன்பிறகு எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. தைப்பொங்கலுக்கும் வரவில்லை. மனைவி பொங்கலை எடுத்து வைத்துவிட்டு வாசல் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஆனால் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சிறுபோகத்தில் எங்கள் முதல் தண்ணீர்முறை தவறியதும் நானும் பக்கத்து வயல்காரரும் ஒன்றாகப் போனோம். மச்சான் பிள்ளையாரின் பெயரை எடுக்கவில்லை. எடுக்க முடியாது. புத்தகத்தில் பன்னிரண்டு, ஒன்பது என்று எழுதிக் கிடந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, "வெள்ளிக்கிழமை திறக்கிறன்" என்றார். திறந்தார். அதற்கடுத்த முறை தவறியது, திரும்பப் போய் நின்றோம். பாதி வயல் விளைந்தது.

பாதிதான். அந்த இருபது கைகளும் எழும்பியிருந்தால் முழுதும் விளைந்திருக்கும்.