இரண்டரை அடிக் கடலும் ஒரு கோடையும்

கடல்மீன் தொட்டி வியாபாரத்தில் வாடிக்கையாளர் மீனைக் கேட்டு வருவார். நாம் அவருக்குப் பம்பையும் ஃபேனையும் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் அவர் பஸ் ஏறிப் போயிருப்பார். இதைப் படிப்பவர்களில் யாராவது உப்புத் தண்ணீரில் கை நனைத்தவராக இருந்தால், இந்நேரம் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வளைகுடாவில் ஒரு ஓட்டலில் பதினெட்டு வருஷம் பராமரிப்பு வேலை பார்த்தேன். வரவேற்பறையில் இருந்த பெரிய கடல்மீன் தொட்டி என் பொறுப்பு. நாற்பத்தெட்டு வயதில் போதும் என்று திரும்பி, ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை போட்டேன். சுற்றிலும் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். கம்பெனி என்றால் ரிசப்ஷன் இருக்கும், ரிசப்ஷன் என்றால் தொட்டி கேட்பார்கள் என்பது என் நம்பிக்கை. ஒரகடம் சாலையில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் அட்மின் மேனேஜர் பாதி மனசோடு ஒரு வார்த்தை கொடுத்தார். “உங்க கடையில சின்னதா ஒண்ணு வச்சுக் காட்டுங்க. கத்திரி வெயில் தாண்டியும் அதுல உயிர் இருந்தா, எங்க ரிசப்ஷன் உங்களுக்கு. வருஷம் பூரா பராமரிப்பும் உங்களுக்கே.”

இன்னொரு பக்கம், பழைய ஓட்டலில் ஜூன் கடைசி வரை என் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகக் கடிதம் போட்டிருந்தார்கள். அதை என் மனைவி ரேவதி படித்துவிட்டு மடித்து வைத்தாள். “இந்த ஒரு கோடை பார்ப்போம். தொட்டி நின்னா இங்கேயே இருங்க. நிக்கலைன்னா டிக்கெட் போட்டுக்குங்க. ரெண்டுக்கும் நடுவுல எங்கிட்ட கதை சொல்லாதீங்க” என்றாள்.

எதை வாங்குவது, எதை விடுவது

ஒரு அடித் தொட்டிதான் மலிவு என்று எல்லாருக்கும் தோன்றும். அந்தத் தப்பை நான் செய்யவில்லை. கொஞ்சம் தண்ணீர் என்றால் சீக்கிரம் சுடும், சீக்கிரம் கெடும். இரண்டரை அடியில், நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கிற தொட்டியாகச் செய்யச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கஷ்டம். இங்கிலீஷ் கேட்லாக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு தமிழில் ஒரு பட்டியல் எழுதினேன். தண்ணீரைக் குளிர வைக்கிற சில்லர்: அடித்தேன். அந்த விலைக்கு ஒரு பழைய பைக் வரும். சூரியன் மாதிரி எரிகிற ஹாலைட் விளக்கு: அடித்தேன். அது வெளிச்சத்தோடு வெந்நீரும் போடும். அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கிற ஸ்கிம்மர்: ரொம்ப நேரம் யோசித்து அதையும் அடித்தேன். அதற்குப் பதிலாக வாரா வாரம் கையாலேயே தண்ணீர் மாற்றுவது என்று முடிவு.

மிஞ்சியது ஒரு நல்ல பம்பு, நாலு டியூப் விளக்கு, உப்பளவு காட்டுகிற கருவி. அலை ஓடாவிட்டாலும் உப்பு தப்பினாலும் வேறு எது இருந்தும் பிரயோஜனமில்லை என்பதால் பம்பிலும் கருவியிலும் மட்டும் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. அதே ஒரகடம் கம்பெனியில் ஃபிட்டராக இருந்த சேகர், ஷிப்ட் முடிந்து டீ குடிக்க வருகிறவன், என் தோளுக்கு மேலாகப் பட்டியலை எட்டிப் பார்த்தான். அடித்ததெல்லாம் பெரிய சாமான், மிஞ்சியதெல்லாம் சின்ன சாமான். “இன்னா சார் இது, மாப்ளை பேரை அடிச்சிட்டு பந்தலுக்கு மட்டும் அட்வான்ஸ் குடுக்கறீங்க?”

பேட்டரித் தண்ணீர்

எங்கள் பக்கத்து போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி படியும். அதில் கடல் உப்பைக் கரைத்தால் மீனுக்கு முன்னால் பாசி பிழைக்கும். சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கப் பணமில்லை. லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரில் உப்பும் இருக்காது, சுண்ணாம்பும் இருக்காது என்பது ஞாபகம் வந்தது. நெடுஞ்சாலை ஓரத்து பேட்டரிக் கடையில் கேன் கேனாக வாங்கினேன். முதல் வாரம் ஆறு கேன், அடுத்த வாரம் நாலு, அப்புறம் வாரா வாரம் இரண்டு.

பேட்டரிக் கடைக்காரர் மரியாதையான மனுஷர். ஒரு மாதம் ஒன்றும் கேட்கவில்லை. ஐந்தாவது வாரம், என் சைக்கிள் கேரியரில் கேனைக் கட்டிக்கொண்டே கேட்டார்: “லாரி எத்தினி ஓடுது சார் உங்களுக்கு? ஒண்ணு கூட இந்தப் பக்கம் கண்ணுல படலையே!”

சேவியர் கொண்டுவந்த கல்

கடல் தொட்டிக்குக் கல் வேண்டும். துளை துளையான கல்லில்தான் தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற நுண்ணுயிர்கள் குடியேறும். இறக்குமதிக் கல் கிலோ கணக்கில் விற்றது. விலையைக் கேட்டுவிட்டுக் கொளத்தூர் மீன் சந்தையிலிருந்து வெறுங்கையோடு வந்தேன். என் கடை மாடியில் வாடகைக்கு இருந்த பையன்களில் ஒருவன் சேவியர். ராமநாதபுரம் கடற்கரைக்காரன், இங்கே அசெம்ப்ளி லைனில் வேலை. நான் புலம்பியதைக் கேட்டிருக்கிறான் போல. லீவில் ஊருக்குப் போய்த் திரும்பியவன் ஈரச்சாக்கில் சுற்றிய ஒரு மூட்டையை என் முன்னால் இறக்கினான். பிரித்தால், பூங்கொத்து மாதிரி பவளக் கல். ராத்திரி முழுக்க பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான்.

கடை ஷட்டரைப் பாதி இறக்கினேன். பவளத்தை எடுப்பதும் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம், புலித்தோல் வைத்திருப்பதைப் போல. இனிமேல் எடுக்கவே கூடாது, இதை அடுத்த லீவில் எடுத்த இடத்திலேயே போட்டுவிடு என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. மூட்டையைத் திரும்பக் கட்டினான். வெள்ளை சிமென்ட், சிப்பித் தூள், கல்லுப்பு மூன்றையும் பிசைந்து நானே கல் வார்த்தேன். உப்பு கரைந்தால் துளை விழும். அதைப் பல வாரம் ஊறவைத்து, சிமென்ட்டின் காரம் போன பிறகுதான் தொட்டியில் வைத்தேன். சிப்பியைக் கொண்டுவந்து கொடுத்ததும் சேவியர்தான். ஆனால் அன்றைக்கு மூட்டையோடு படியேறும்போது அவன் திரும்பி நின்று கேட்டான்: “எங்க ஊர்ல முன்னாடி இதைக் காளவாசல்ல போட்டு சுண்ணாம்பா எரிச்சாக அண்ணே. உசுரோட வச்சுப் பாக்கணும்னு நெனச்சா குத்தமா?”

பித்தளைக் குழாய்

மார்ச்சில் தொட்டியில் விட்டது பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடி, ஒரு சின்ன இறால், காளான் மாதிரி விரிகிற, பவளத்துக்குத் தூரத்து உறவான, சட்டம் தடுக்காத இறக்குமதி உயிரி நாலு. இவ்வளவுதான் என் கடல். பக்கத்தில் ஒரு நீல டிரம்மில் அடுத்த வாரத்துக்கான உப்புத் தண்ணீர் எப்போதும் தயாராக நிற்கும். டிரம்மைச் சாய்த்து நான் படுகிற பாட்டைப் பார்த்து, சேகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் காசில் குழாய் வாங்கிவந்து டிரம்மின் அடியில் பொருத்திக் கொடுத்தான். ஒரு சொட்டு ஒழுகவில்லை. நானும் தட்டிக்கொடுத்து டீ வாங்கித் தந்தேன்.

அதற்கடுத்த வாரம் தண்ணீர் மாற்றிய மறுநாள் இறால் மல்லாந்து கிடந்தது. காளான்கள் நாலும் சுருங்கிவிட்டன. உப்பு சரி, சூடு சரி. எதுவும் புரியாமல் டிரம்முக்கு முன்னால் குந்தியபோதுதான் குழாய் பளபளத்தது. பித்தளை! ஒரு வாரம் உப்புத் தண்ணீர் அதை நக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பித்தளையில் இருக்கிற தாமிரம் இறாலுக்கும் பவள இனத்துக்கும் விஷம். பதினெட்டு வருஷம் இதே வேலை பார்த்த நான் அதைப் பார்க்காமல் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வேறு பாத்திரத்தில் புதிதாக உப்புத் தண்ணீர் தயாரித்து, மூன்று நாள் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். காளானில் இரண்டு பிழைத்தன. சேகர் பிளாஸ்டிக் குழாயோடு வந்தான். பித்தளையைக் கழற்றிவிட்டு அதைப் பொருத்தினான். “பிளாஸ்டிக் மட்டமா இருக்கும்னு தான் சார் பித்தளை வாங்கினேன். நம்ம வூட்டுக்குக் கூட நான் பித்தளை போட்டதில்லை.”

நாலு ஃபேன்

சில்லருக்குப் பதிலாக நான் நம்பியது பழைய கம்ப்யூட்டர் பெட்டிகளிலிருந்து கழற்றிய நாலு சின்ன ஃபேன்களை. தண்ணீர் மேல் காற்றடித்தால் தண்ணீர் ஆவியாகும், ஆவியானால் குளிரும். மண்பானை செய்கிற வேலைதான். மூன்று டிகிரி இறங்கியது. ஆனால் தினமும் அரை வாளி காணாமல் போகும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். ஆகவே குறைந்த இடத்தை உப்பில்லாத நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும்.

நான் கொளத்தூர் போயிருந்த இரண்டு நாள் ரேவதி கடையைப் பார்த்துக்கொண்டாள். தொட்டியில் தண்ணீர் இறங்கியிருந்ததைப் பார்த்து, அக்கறையாக நீல டிரம்மிலிருந்து உப்புத் தண்ணீரை மொண்டு விட்டிருக்கிறாள், இரண்டு நாளும். வந்து கருவியை வைத்தால் முள் எங்கேயோ நிற்கிறது. என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “பம்பு எப்படிப் போடணும்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் மூணு பக்கம் எழுதி ஒட்டியிருக்கீங்க. தண்ணி ஊத்தறதுக்கு ஒரு வரி எழுத உங்களுக்கு ரெண்டு பாஷையிலயும் வார்த்தை கெடைக்கலையா?”

கரண்ட் போன மத்தியானம்

மே மாதம் நடுவில், பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது. எங்கேயோ டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். பம்பு நின்றது, ஃபேன் நின்றது. கடைக்குள் நிற்க முடியவில்லை. தண்ணீரின் சூடு ஒரு மணிக்கு முப்பத்தொரு டிகிரி, இரண்டு மணிக்கு முப்பத்திரண்டரை. ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கி, பாலிதீன் பையில் கட்டித் தொட்டியில் மிதக்கவிட்டேன். தண்ணீரில் காற்று சேர வேண்டுமே. பிளாஸ்டிக் சொம்பால் மொண்டு, உயரத்திலிருந்து ஊற்றினேன். மொண்டு, ஊற்றினேன்.

அரை மணி நேரத்தில் தோள் கழன்றது. சாப்பாடு கொண்டுவந்த ரேவதி பார்த்தாள். தூக்குச் சட்டியைக் கீழே வைத்தாள், என் கையிலிருந்த சொம்பை வாங்கினாள். அப்புறம் அவள் பத்து நிமிஷம், நான் பத்து நிமிஷம். கோமாளி மீனில் பெண் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. ஆண் ஒருக்களித்து சிமென்ட் கல் மேல் சாய்ந்துவிட்டது. நான் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன். டிக்கெட் ஏஜென்ட் கடை இரண்டு கட்டிடம் தள்ளித்தான் இருந்தது. ரேவதி சொம்பைப் பிடுங்கிக்கொண்டு, தொட்டியைப் பார்க்காமலே மறுபடியும் மொள்ள ஆரம்பித்தாள். “அது மூச்சு விடுதான்னு பார்த்தா உங்க மனசோட வச்சுக்குங்க, எங்கிட்ட சொல்லாதீங்க. நான் ஊத்திக்கிட்டே இருக்கேன்.”

நாலரை மணிக்குக் கரண்ட் வந்தது. ஐந்தரைக்கு ஆண் மீன் நிமிர்ந்தது. சாப்பாடு ஊசிப் போயிருந்தது.

திங்கட்கிழமைக்குள்

ஜூன் முதல் மழை பெய்த வாரம் ஒரகடம் கம்பெனி மேனேஜர் வந்தார். மீன் இரண்டும் நீந்துவதையும், காளான் இரண்டும் விரிந்திருப்பதையும், நாலு ஃபேனும் ஓடுவதையும் குனிந்து பார்த்தார். “பரவாயில்லையே! நாலடித் தொட்டி, ஆர்டர் உங்களுக்கு. திங்கட்கிழமை ஹெட் ஆபீஸ்ல இருந்து பெரியவர் வர்றார். அதுக்குள்ள மீன் ஓடணும்” என்றார். அன்று புதன்கிழமை.

கோடை முழுக்கக் காத்திருந்த வார்த்தை அது. ஆனாலும் தண்ணீர் பக்குவமாக ஆறு வாரம் ஆகும், அதற்கு முன் மீன் விட்டால் அவர் கண் முன்னாலேயே சாகும் என்று சொன்னேன். அவர், செத்தால் வேறு வாங்கி விடுங்கள் என்றார். மாட்டேன் என்றேன். “அப்ப வேற ஆளைப் பார்த்துக்கறேன்” என்று ஜீப் ஏறிவிட்டார். ரேவதி ஓட்டலின் கடிதத்தை அலமாரியிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தாள். திட்டவில்லை. “அந்தாள் கேட்டதுக்கு நீங்க சரின்னு சொல்லியிருந்தா, நானே உங்க பெட்டியைக் கட்டி அனுப்பியிருப்பேன்” என்றாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜரே போன் செய்தார். ரிசப்ஷனில் தொட்டிக்கென்று தச்சர் விட்ட இடம் பல் போன வாய் மாதிரி இளிக்கிறதாம். தண்ணீராவது ஊற்றித் தொலையுங்கள் என்றார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் சேகரும் சேவியரும் கூட நின்றார்கள். நாலடித் தொட்டி, தண்ணீர், முன்பே ஊறவைத்திருந்த சிமென்ட் கல், விளக்கு, அலை. மீன் கிடையாது. “மீன் ஆறு வாரம் கழித்து” என்று இந்த முறை இரண்டு பாஷையிலும் எழுதி ஒட்டினேன். மேனேஜர் அதைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் ரேவதியும் நானும் கடையில் உட்கார்ந்திருந்தோம். சேகர் யூனிஃபார்ம் மாற்றாமல் ஓடிவந்தான், கையில் ஒரு வருஷப் பராமரிப்புக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்ட தாளோடு. மூச்சு வாங்கினான். “பெரியவரு கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சி மாட்டிக்கினு கால் மணி நேரம் மீனைத் தேடனாரு சார்! எங்க மேனேஜரு, ‘ரொம்பக் கூச்ச சுபாவம் சார், காலையில வெளிய வராது’ன்ட்டாரு. அவரு அப்படியே உருகி, ‘இவ்ளோ இயற்கையா நான் எங்கயும் பார்த்ததில்லை’ன்னு கை குடுத்துட்டுப் போய்க்கினே கீறாரு!”

பதினெட்டு வருஷ அனுபவத்தையும் ஒரு முழுக் கோடையையும் தொட்டியில் கொட்டியவன் கடைசியில் இந்த ஊரில் நிலைத்தது, அதில் இல்லாத ஒரு மீனின் தயவால்.