கேமராவுக்கு ஒரு தொப்பி

கேமராவை நான் வாங்கியது 1951 ஆவணியில். அதற்கு லென்ஸ் ஹூட் வந்து சேர்ந்தது 1953 மாசியில். இடைப்பட்ட காலத்தில் எடுத்த படங்களை இன்று பரப்பிப் பார்த்தால் இரண்டு ஜாதி தெரிகிறது. வெயில் என் முதுகில் விழ எடுத்தவை நன்றாக இருக்கின்றன. வெயில் எதிரே இருந்தவை மோர் தெளித்தது போல வெளுத்துக் கிடக்கின்றன.

காரணம் புத்தகத்தில் படித்ததுதான். லென்ஸின் முன்கண்ணாடியில் வெயில் நேராகப் பட்டால் அது உள்ளே சிதறிப் படம் முழுவதும் பாலாகப் பரவும். கண்ணுக்கு மேலே கையை வைத்து நிழல் கட்டிப் பார்க்கிறோமே, அதே வேலையை லென்ஸுக்குச் செய்கிற உலோக வளையம்தான் ஹூட். ஆனால் என்னுடையது ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பது கிடையாது. மேலே இடது மூலையில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் இரட்டையாகத் தெரிகிற உருவத்தை, லென்ஸ் வளையத்தைத் திருப்பி ஒன்றாகச் சேர்த்தால் தூரம் சரி என்று அர்த்தம். ஜன்னல் எப்போதும் பளிச்சென்று இருக்கும். லென்ஸுக்கு என்ன கேடு என்பது ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியவரும். அதனால் ஹூட் வாங்குவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். தள்ளிப்போட முடியாமல் செய்தவர் படகுக்காரம்மா.

ராயபுரத்திலிருந்து காசிமேட்டுக்குப் போகிற வழியில் எங்கள் மளிகைக் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து அப்பா போட்ட கடை, பிறகு என் கைக்கு வந்தது. அந்த அம்மாள் எங்களிடம் அரிசி வாங்குகிறவர். கணவர் காய்ச்சலில் போன பிறகு கூடை தூக்கி மீன் விற்றே முன்னுக்கு வந்தவர், அந்த வருஷம் சொந்தமாக ஒரு படகு கட்ட விட்டிருந்தார். படகு பாதி எழும்பும்போதே ஊர் அவருக்குப் படகுக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டது.

மாசி முதல் வாரத்தில் ஒருநாள் கடைக்கு வந்து, அரிசியைப் பற்றிப் பேசாமல் நின்றார்.

“நைனா, பங்குனில என் படகு மொத தபா கடலுக்குப் போயி கரை ஏறுது. உன் பொட்டிய எடுத்துகினு வரணும்.”

“வரேம்மா.”

“வந்தா மட்டும் பத்தாது. மூஞ்சி தெரியணும். எங்க அண்ணன் படகுக்கு ஸ்டூடியோக்காரரு வந்தாரே, இன்னா புடிச்சாரு? வூடு மொத்தத்துக்கும் முதுகு புடிச்சிக் குடுத்தாரு. எனக்கு இதுவரிக்கும் ஒரு போட்டோ கெடையாது நைனா. மொத போட்டோல பொடனி வந்தா நல்லாவா கீது?”

ஸ்டூடியோக்காரர் மேல் தவறு இல்லை. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் படகு விடியுமுன் போய், மத்தியானத்துக்கு மேல் கடல்காற்றில் பாய் விரித்துத் திரும்பும். அது மணலைத் தொடும்வரை வீட்டார் அலையோரம் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாம் முதுகு காட்டினால் படகும் நமக்கு முதுகு காட்டும் என்பார்கள். ஸ்டூடியோக்காரர் மணலில் முக்காலியை நட்டுவிட்டு, “எல்லாரும் இப்படித் திரும்புங்க” என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். ஒருவரும் திரும்பவில்லை. தெரிந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

முகம் வேண்டுமானால் எடுப்பவன் கடலுக்குள் நிற்க வேண்டும். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. தயக்கம் சூரியனால் வந்தது. எங்கள் கரையில் சூரியன் கடலில் எழுந்து ஊருக்குப் பின்னால் விழுகிறது. சாயங்காலத்தில் கடலுக்குள் நின்று கரையைப் பார்த்தால் வெயில் நேரே லென்ஸில். முகங்களோ நிழலில். வெள்ளோட்டமாக ஒரு சாயங்காலம் முட்டளவு நீரில் நின்று வலை உலர்த்துகிறவர்களை எடுத்துப் பார்த்தேன். அத்தனையும் மோர். புதுப் படகு முதல் தடவை கரை ஏறுவது ஒரே ஒரு தடவைதான். இன்னொரு முறை வாங்கம்மா என்று சொல்ல முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூர் மார்க்கெட் போனேன். பழைய கேமரா சாமான் விற்கிற சாயபு, என் லென்ஸின் விளிம்பில் மாட்டக்கூடியதாக மூன்று ஹூட்களை எடுத்து வைத்தார். ஒன்று நீளமான குழாய். ஒன்று தட்டையாக அகன்றது. மூன்றாவது புனல் போலச் சரிந்தது, உட்பக்கம் வர்ணம் உதிர்ந்து பித்தளை பல்லைக் காட்டியது.

“பெருசா எடுத்துக்க பாய், பெருசா இருந்தா நிழல் பெருசு” என்று குழாயை நீட்டினார்.

“பெருசா இருந்தா படத்தோட மூலையும் அதுக்குள்ள போயிடுமே.”

“மூலைல இன்னா கீது? ஆளு நடுவுலதானே நிப்பான்.”

பேசி ஜெயிக்க முடியாத மனிதர். மூன்றையும் வாங்கிக்கொண்டு, வேண்டாததைத் திருப்பித் தரும் ஒப்பந்தத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

எது சரி என்பதை ஃபிலிம் செலவில்லாமல் சோதிக்க ஒரு வழி படித்திருந்தேன். கேமராவின் முதுகுப் பலகையைக் கழற்றி, ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் பிஸ்கட் டப்பாவுக்குள் வருகிற எண்ணெய்த்தாளை ஒட்டினேன். ஷட்டரைத் திறந்தபடி பிடித்தால் வீட்டு ஜன்னலும் வெளியே இருந்த தென்னையும் தாளில் தலைகீழாக விழுந்தன. குழாயை மாட்டினேன். நான்கு மூலையும் இருண்டது. தட்டையானதை மாட்டினேன். மூலைகள் சுத்தம், ஆனால் விளக்கைச் சற்றே பக்கவாட்டில் பிடித்தாலும் வெளிச்சம் கண்ணாடியைத் தொட்டது. புனல் மட்டும் இரண்டிலும் தேறியது. அதன் உட்பக்கம் மினுங்கியதுதான் குறை. மினுங்குகிற ஹூட் வெயிலைத் தானே அள்ளி உள்ளே ஊற்றும்.

விளக்குக் கரியைப் பசையில் குழைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து பார்த்தாள். “கேமராவுக்குத் தொப்பி வாங்குனீய. இப்ப அதுக்கு மையும் தீட்டுதீய. பொட்டு நான் வைக்கட்டா?”

“உள்ள கறுப்பா இருக்கணும்.”

“அதுக்கு ஏன் கரியோட மல்லுக்கட்டுதீய?” என்று கிழிந்த கறுப்பு வெல்வெட் ரவிக்கையின் கையை வெட்டிக் கொடுத்தாள். வெல்வெட்டைப் போல வெளிச்சத்தை விழுங்குவது வேறெதுவும் இல்லை. அளவாக நறுக்கி உள்ளே ஒட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் மொட்டைமாடியில், மேற்கே பார்த்து, ஒத்திகை. துணி காயப்போடும் கம்பத்தைப் படகு என்று வைத்துக்கொண்டு, மனைவியை அதன் வலப்பக்கம், படகுக்காரம்மா நிற்கப்போகிற இடத்தில், நிறுத்தினேன். ஜன்னலில் கண்ணை வைத்தேன். கம்பம் இருந்தது. மனைவியைக் காணோம். லென்ஸுக்கு இடது மேலே ஜன்னல் இருப்பதால், நீட்டிக்கொண்டிருந்த ஹூட் என் பார்வையின் வலது கீழ் மூலையை மறைத்துவிட்டது. யாருடைய முகத்துக்காக இத்தனையும் செய்கிறேனோ அவர் நிற்கிற மூலை.

ஹூட்டில் ஜன்னலை ஒட்டிய ஓரத்தில், பார்வை ஊடுருவிப் போக ஒரு பிளவு வெட்டிக்கொள்வது வெளிநாட்டார் வழக்கம். அரத்தைக் கையில் எடுத்துவிட்டேன். பிறகு கேமராவை மறுபடி மேற்கே நீட்டி, நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். சாயங்கால வெயில் சற்று இடப்புறமாக, மேலேயிருந்து சரிகிறது. ஜன்னலை ஒட்டி, பிளவு வெட்ட வேண்டிய ஓரமும் அதே இடது மேல்பக்கம். அதை வெட்டினால் வீட்டுக்குக் கதவைப் போட்டுவிட்டு, திருடன் வருகிற பக்கம் பார்த்து ஜன்னல் வைத்த கதை. அரத்தைக் கீழே வைத்தேன்.

“நான் தெரியுதேனா, இல்லையா?” என்றாள் மனைவி. நின்று நின்று கால் கடுத்திருந்தது அவளுக்கு.

“நீ நிக்கிற மூலைதான் கறுப்பா இருக்கு.”

“அந்தப் பக்கம் நின்னா?”

“அந்தப் பக்கம் படகு வருது. கீழ் மூலை போகக் கூடாது. மேல் மூலை போனா வானம்தான், பரவாயில்ல.”

“அப்ப ஒண்ணு செய்யுங்க. நீங்க தலைகீழா நின்னு எடுங்க.”

கேலியாகத்தான் சொன்னாள். நான் நிற்க வேண்டியதில்லை, கேமரா நின்றால் போதும் என்று ஒரு கணம் கழித்துப் புரிந்தது. கவிழ்த்துப் பிடித்தேன். ஜன்னல் இப்போது லென்ஸுக்கு வலது கீழே வந்தது. ஹூட் மறைத்தது இடது மேல் மூலையை. அங்கே வெறும் வானம். அதைவிட, என் கண்ணைக் கூசிய சூரியனும் ஹூட்டின் பின்னால் போய்விட்டது. ஜன்னலில் மனைவி முழுசாக, இடுப்பில் கை வைத்து, என்னை முறைத்தபடி நின்றாள். உலகத்தின் நல்ல கேமராக்காரர்கள் எழுதியதை எல்லாம் நான் படித்திருப்பதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் படித்த எதிலும் இந்த யோசனை இல்லை. அன்று மாடியிலிருந்து இறங்கும்போது எனக்கு இருந்த பெருமையை மறைக்கவும் முயலவில்லை.

கட்டைவிரலால் ஷட்டரை அழுத்தவும், கவிழ்ந்த கேமராவில் ஃபிலிமைத் திருகவும், வெறும் கேமராவை வைத்துக் கை பழகினேன்.

படகு கரை ஏறியது பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொடையளவு நீரில் நின்றேன். அலை தள்ளாமல் இருக்க, படகுக்காரம்மாவின் மச்சான் முறைக்காரர் ஒருவர் பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“நீ படத்தப் பாரு மாமு. அலைய நான் பாத்துக்கறேன்.”

கேமராவைக் கவிழ்த்ததும் கரையில் சிரிப்பு கிளம்பியது.

“இன்னாடா இது, தலைகீழா புடிக்கிறாரு.”

“நாளைக்குப் படத்துல நாம அல்லாரும் கால மேல தூக்கினு நிப்போம், பாரு.”

“உனுக்கு அதான் சரி. உன் மூஞ்சிக்குக் காலே தேவல.”

படகுக்காரம்மா சிரிக்கவில்லை. “சும்மா இருங்கடா. பாய் தெரிது” என்றார். அவர் கண் என்மேல் இல்லை. என் தலைக்கு மேலே, என் பின்னால் இருந்த கடல்மேல் இருந்தது.

படகு என் இடது தோளைத் தாண்டி வந்தபோது தெறித்த உப்புநீரில் சட்டை நனைந்தது. கண்ணாடி நனையவில்லை, தொப்பி அந்த வேலையையும் பார்த்துக்கொண்டது. முகம் நிழலில் இருப்பதால் வழக்கத்தைவிட இரண்டு படி வெளிச்சம் கூட்டியிருந்தேன். படகின் மூக்கு மணலில் ஏறி நின்றது. அந்த அம்மாள் இரண்டடி முன்னால் வந்து, உள்ளங்கையை அதன்மேல் வைத்து, ஓடி வந்த மாட்டை நிறுத்துவதுபோல நிறுத்தினார். கட்டைவிரலை அழுத்தினேன்.

ஃபிலிமை நானே கழுவினேன். பெரிதாக்க மட்டும் அதே ஸ்டூடியோக்காரரிடம் கொடுத்தேன். அவர் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“சாயங்காலமா எடுத்தீங்க?”

“ஆமா.”

“மேற்கப் பாத்து?”

“ஆமா.”

“முகம் எப்படி சார் வந்துச்சு?”

ஹூட்டைக் காட்டினேன். வெல்வெட்டைத் தடவிப் பார்த்தார். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்ததைச் சொன்னபோது மட்டும், நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். நான் திருத்தவில்லை.

படத்தை மணலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். படகுக்காரம்மா ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினார். கூடியவர்கள் முதலில் தேடியது அவரவர் முகத்தைத்தான். அவர் யாரையும் தேடவில்லை. தன் முகத்தின்மேல் விரல் படாமல், காற்றிலேயே அதைச் சுற்றிக் கோடு போட்டார். தண்ணீரிலிருந்து எழும்பிய வெளிச்சம் அந்த முகத்தில் கன்னத்து மடிப்பு வரை, நெற்றியில் ஒட்டிய முடி வரை எல்லாவற்றையும் காட்டியிருந்தது. கண்கள் சுருங்கி, நேரே, அஞ்சாமல் பார்த்தன.

“படகு கரை ஏறின அன்னிக்கு நான் அழுவறேன்னு சொன்னாங்க” என்றார். “பாத்துக்குங்க. எங்க அழுவறேன்?”

படத்தில் பதில் இருந்தது. அவர் அதை மார்போடு சேர்த்துக்கொண்டு, வலை கட்டிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்து, நேரமாவது தெரியவில்லையா, படகைத் தள்ளுங்கள் என்று குரல் கொடுத்தார்.