அரசாங்கத்தின் குதிரைக்குட்டி

தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் ஒரு நாள், காலை ஆறேகால் மணிக்கு எங்கள் வளவின் மேற்கு மதில் சரிந்தது. நெடுந்தீவில் மதில் சரிவது பெரிய செய்தியல்ல. முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைப்பதுதான் அங்கே மதில். மாடு உரசினாலும் இரண்டு கல் விழும். அன்று கற்களுக்கு அடியில் ஒரு குதிரைக்குட்டி கிடந்தது.

கோடையில் தீவின் குளங்கள் வற்றிவிடும். எங்கள் கிணற்றில் மட்டும் கொஞ்சம் நல்ல தண்ணீர் ஊறும். அதை மாடுகளிடமிருந்து காப்பாற்றவென்று அப்பா முந்திய வாரம்தான் மதிலை உயர்த்தியிருந்தார். தண்ணீர் மணத்துக்கு வந்த குட்டி அந்தப் புதுக் கற்களில் கால் வைத்திருக்கிறது. அதன் முன்கால் வீங்கிப்போயிருந்தது.

தீவின் குதிரைகள் வெள்ளைக்காரர் விட்டுப்போனவை. சொந்தக்காரர் எவரும் இல்லாததால் அரசாங்கம் சொந்தக்காரராகிவிட்டது. அவற்றைப் பிடிக்கக்கூடாது, கட்டக்கூடாது, தீவை விட்டு எடுத்துச்செல்லக்கூடாது. காயப்பட்டால் கிராமத்து அலுவலரான விதானையாருக்கு அறிவிக்க வேண்டும். விதானையார் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா. வந்தவர் சைக்கிளை மதிலில் சாய்க்கப் பயந்து கையில் பிடித்தபடியே நின்றார்.

“கட்டி வைச்சியள் எண்டால் குற்றம், அக்கா.”

“அப்பிடியே விட்டால் செத்துப்போகுமடா.”

“சாகிறது குற்றமில்லை.”

அப்பா கயிற்றைத் தொடவில்லை. சரிந்த கற்களைப் பொறுக்கிக் குட்டியைச் சுற்றி அடுக்கினார். மதில் கட்டுவதற்கு எதிராகச் சட்டம் இல்லை என்பது அவருடைய வாதம். வெளியே நின்ற தாய்க்குதிரையை அவர் கணக்கில் எடுக்கவில்லை. மத்தியானம்வரை அது மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அம்மா பொறுக்கமாட்டாமல் ஒரு பக்கத்துக் கற்களை அகற்றி அதையும் உள்ளே விட்டார். மறுநாள் மாமா எட்டிப் பார்த்தார்.

“இப்ப ரெண்டு குற்றம்” என்றார். சைக்கிளின் பின்னால் ஒரு கட்டுப் புல் இருந்தது.

மிருக வைத்தியர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். சண்டை தொடங்கிய பிறகு படகுகள் ஒழுங்காக ஓடவில்லை, அவர் வரமாட்டார். குட்டியை அவரிடம் கொண்டுபோவதென்றால் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் அனுமதி வேண்டும். மாமா ஆள்மூலம் சொல்லியனுப்பினார். காத்திருந்தோம்.

அந்த நாட்களில் நாங்கள் குளிக்கவில்லை. அம்மா பனையோலைப் பட்டையில் அள்ளிய தண்ணீரை முதலில் தாய்க்குதிரைக்கென்று வைத்த தொட்டியில் ஊற்றினார். குடிக்கும்போதுகூட அது குட்டியை விட்டுப் பார்வையை எடுக்காது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. என் மகள் பாடசாலையிலிருந்து வரச் சற்றுப் பிந்தினாலும் இன்று நான் அப்படித்தான் தெருவைப் பார்த்தபடி சமைக்கிறேன். கடல் பக்கம் கேட்ட வெடிச்சத்தங்களை அப்போது நான் பொருட்படுத்தவில்லை. குட்டியின் வீக்கம் குறைகிறதா என்பதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. அது குறையவில்லை.

கடைசியில் ஒரு பின்னேரம், மாமாவின் சைக்கிளில் பின்னால் இருந்தபடி கச்சேரிக்காரர் ஒருவர் வந்து சேர்ந்தார். சப்பாத்து நனைந்திருந்தது. அவர் கதிரையில் இருக்குமுன்பே அம்மா கேட்டார்.

“ஐயா, குட்டியை வைத்தியரிட்டக் கொண்டுபோக விடுவியளோ?”

“ஏலாது, பிள்ளை. குதிரையைத் தீவை விட்டு எடுக்கக்கூடாது எண்டு சட்டமிருக்கு. அது இஞ்சதான் இருக்கவேணும்.” கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். “உங்களுக்கு அப்பிடி ஒரு சட்டமும் இல்லை. விடிய வள்ளம் வரும். பிள்ளையளோட வெளிக்கிடுங்கோ.”

அம்மா எழுந்துபோய், கிணற்றில் இருந்ததையெல்லாம் அள்ளித் தொட்டியில் ஊற்றத் தொடங்கினார். எனக்குக் குட்டியின்மேல் இரக்கம் வந்தது. வள்ளத்தில் போக அதற்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லையே.