அம்மாவுக்கு மூன்று மாடி எழுதிவைத்த மாமா

ஜெராக்ஸ் மாமாவின் கடையில் வாடிக்கையாளர் உட்கார நாற்காலி கிடையாது. "உட்கார்ந்தா பேசுவான், பேசினா பேரம் பண்ணுவான்" என்பார். அம்மாவின் தம்பி அவர். வலது கட்டைவிரல் நகத்தில் மைத்தூள் கறுப்பு நிரந்தரமாகக் குடியிருந்தது. நகல் எடுப்பதைவிடப் படிவம் நிரப்புவதில்தான் அவருக்குக் கிராக்கி. இருபது வருடமாகத் தெருவுக்கே கடன் விண்ணப்பம் எழுதித் தந்தவர். வசதி இருப்பதாகக் காட்டினால்தான் கடன் கிடைக்கும் என்பது அவருக்கு அத்துபடி. ஒன்றுமில்லாதவனையும் அரை மணி நேரத்தில் பணக்காரனாக்கிவிடுவார்.

வெளிநாட்டில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் எனக்கு இடம் கிடைத்தபோது, உதவித்தொகைப் படிவத்தையும் அவரே நிரப்பினார். மதிப்பெண் பக்கத்தை மட்டும் சரிபார்த்துவிட்டு நான் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் குடும்பத்தின் வசதிக்கு உதவி தேவைப்படாது என்று பதில் வந்தது. தையல் கடையில் கூலிக்குப் பொத்தான் தைக்கும் அம்மா, அந்தப் படிவத்தில் ஆடை நிறுவன உரிமையாளர். நாங்கள் பின்னறையில் வாடகைக்கு இருந்த மூன்று மாடிக் கட்டடமும் அவள் பெயரில் இருந்தது.

திருத்தப் பத்து நாள் அவகாசம். படிவத்தை நிரப்பியவரே தவறை ஒப்புக்கொண்டு எழுதித் தர வேண்டும்.

"ஏண்டா, என்னை முதலாளியாக்கச் சொல்லி உன்கிட்ட யாரு அழுதா?" என்று அம்மா அவர் கடைக்கே போய்க் கேட்டாள்.

"பிச்சைக்காரின்னு எழுதினா கதவைத் திறந்து வைப்பானாக்கா? திருப்பிக் கட்ட வக்கில்லாதவங்களுக்கு எவன் குடுப்பான்?"

"திருப்பியே கட்ட வேண்டாம் மாமா. இல்லாதவங்களுக்குத்தான் தர்றாங்க," என்றேன்.

"சும்மா தர்றானாம்! பெரிய படிப்பு படிச்சவ, நம்பு. நான் பொய் சொன்னேன்னு என் கையாலேயே எழுதினா, நாளைக்கு எவன் இங்க வருவான்?"

"எவனும் வர வேண்டாம். இவ போகணும்," என்றாள் அம்மா.

அவர் அசையவில்லை. மறுநாள் அம்மா வேலைக்குப் போகாமல் அவர் கடை வாசலில் நின்றாள். வருகிறவர்களிடமெல்லாம் படிவத்தை நீட்டினாள். "பாருங்க, நான் மூணு மாடிக்காரி. என் தம்பி எழுதிக் குடுத்தான். உங்களுக்கும் எழுதுவான்."

மூன்றாம் நாள் நண்பகலுக்குள் நாலு பேர் திரும்பிப் போனார்கள். மாமா விசைப்பலகையை அறைந்து அறைந்து கடிதத்தை அடித்தார். கையெழுத்தைக் கிறுக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ரெண்டு பக்கம். காசை வை."

"மாமா..."

"மாமாங்கிறதெல்லாம் வீட்டுல. இது கடை."

அம்மா சில்லறையை மேசையில் விசிறினாள்.

முழு உதவித்தொகையும் கிடைத்தது. வழியனுப்ப அவர் வரவில்லை. இங்கு வந்து பதினோரு வருடமாகிறது. வீட்டு வாடகைப் படிவமானாலும் மூன்று முறை படித்த பிறகும் எனக்குக் கையெழுத்துப் போடக் கை வராது.

போன வாரம் அம்மா போனில் கொதித்தாள். மாமா கடையில் புதுப் பலகையாம்: வெளிநாட்டு உதவித்தொகைப் படிவம் நிரப்பித் தரப்படும். அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: உள்ளதை உள்ளபடி எழுத இரட்டைக் கட்டணம்.